புரட்சியை எழுதியவரின் பெட்டிகள்: ஒரு வரலாற்றாசிரியரின் தாள்களைக் காப்பதற்கு முழுமையான வழிகாட்டி

கருமாதி முடிந்த மறுவாரம்தான் ஆபத்தான வாரம். வெளிநாட்டிலிருந்து வந்த மகனுக்கு விடுப்பு முடியப்போகிறது. வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டும். பரணிலிருந்து இறக்கிய மூட்டைகளைக் காலால் தள்ளியபடி யாரோ ஒருவர், "இதெல்லாம் பழைய நோட்டீஸ்தானே" என்பார். அவ்வளவுதான், ஐம்பது ஆண்டுகள் சேர்த்தது கிலோக் கணக்கில் வண்டி ஏறிவிடும். அச்சான புத்தகங்களைக் கேட்டு வாங்கிப்போக நாலு பேர் வருவார்கள். எடைக்குப் போவது பெரும்பாலும் கையெழுத்துத் தாள்கள்தான்.

தொழிற்சங்கங்கள், சுயமரியாதை இயக்கம், பொதுவுடைமைக் கட்சிகள், தலைமறைவுக் குழுக்கள் என்று தீவிர அரசியலின் வரலாற்றை எழுதியவர் வீட்டுத் தாள்களுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. இயக்கத்துக்காரர்கள் தங்கள் காகிதங்களைப் பத்திரப்படுத்துவதில்லை. வீட்டில் இருந்தால் அது போலீஸுக்குச் சாட்சி. 1940களின் இறுதியில் கம்யூனிஸ்ட்டுகள் தலைமறைவாக இருந்த நாட்களிலும், 1975–77 நெருக்கடிநிலையின்போதும் அடுப்பில் போட்டவை, கிணற்றில் வீசியவை பற்றிக் கேள்விப்படாத ஆய்வாளர் இருக்க முடியாது. மிஞ்சிய கொஞ்சத்தை அவர்கள் யாரிடம் கொடுத்தார்கள்? "வரலாறு எழுதுகிறேன்" என்று பிறகு கதவைத் தட்டிய ஒருவரிடம். ஆகவே அந்த ஒருவரின் பெட்டிக்குள் இரண்டு தொகுதிகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று அவருடையது. மற்றது பிறர் அவரை நம்பிக் கொடுத்தது. எந்தத் தாள் யாரிடமிருந்து, என்ன சொல்லிக் கொடுக்கப்பட்டு வந்தது என்ற தடத்தைத் தொலைத்துவிட்டால், தாளைக் காப்பாற்றியும் பாதிதான் காப்பாற்றியதாகும்.

காவிரிக் கரை ஊர் ஒன்றில் காலமான அப்படியொரு ஆய்வாளரின் தாள்களோடு இரண்டு மழைக்காலங்களைக் கழித்தவன் நான். குடும்பத்தார் பெயர் வேண்டாம் என்றதால் இங்கே அவர் வெறும் "ஐயா". ஆவணக்காப்பகத்தில் வேலை பார்த்தவன் அல்லன் நான். இதில் உள்ளவை பயிற்சி பெற்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவையும், நானே கெடுத்துக் கற்றவையும்.

ஐயாவுக்கு முன்னோடி ஒருவர்

இந்த வகைச் சேகரிப்புக்கு உலகம் அறிந்த உதாரணம் மாக்ஸ் நெட்லாவ். 1865-ல் வியன்னாவை ஒட்டிய நொய்வால்டெக்கில் பிறந்தவர். படித்தது கெல்டிக் மொழிகள், வாழ்ந்தது அரசே வேண்டாம் என்னும் அராஜகவாதத்தின் வரலாற்றுக்காக. ரஷ்ய அராஜகவாதி பக்கூனினின் வாழ்க்கை வரலாற்றை 1896 முதல் 1900 வரை தன் கையெழுத்திலேயே எழுதி, நகலெடுக்கும் கருவியில் ஐம்பது படிகள் மட்டும் எடுத்து நூலகங்களுக்குக் கொடுத்தார். பிறர் குப்பை என்று நினைத்த துண்டறிக்கைகளையும் கடிதங்களையும் பல நாடுகளில் தேடி வாங்கிச் சேர்த்தார். முதல் உலகப் போருக்குப் பின் வந்த பணவீக்கம் அவருடைய பரம்பரைச் சொத்தைக் கரைத்துவிட்டது. 1935-ல் ஆம்ஸ்டர்டாமில் சர்வதேச சமூக வரலாற்று நிறுவனம் தொடங்கப்பட்டதும் தன் சேகரிப்பை அதற்கு விற்றார். மூன்றே ஆண்டுகளில், 1938-ல், ஆஸ்திரியா ஹிட்லரின் கைக்குப் போனது. அந்த நிறுவனத்தின் நூலகர் அன்னி அடாமா வான் ஷெல்டெமா முயன்றிராவிட்டால் வியன்னாவில் இருந்த பக்கூனின் கையெழுத்துப் படிகள் நமக்குக் கிடைத்திருக்காது. பக்கூனினின் சில எழுத்துகளுக்கு இன்று மூலம் இல்லை, நெட்லாவ் கைப்பட எடுத்த படிதான் இருக்கிறது. ஐயாவின் நோட்டுகளைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். மூலத்தைப் பார்த்து எழுதிக்கொண்ட குறிப்பு, மூலம் போன பிறகு மூலமாகிவிடுகிறது.

முதல் படி: எதையும் அடுக்காதீர்கள்

நான் செய்த பெரிய தவறு முதல் நாளே நடந்தது. மூன்றாவது டிரங்குப் பெட்டியில் ரப்பர் பேண்ட் போட்ட கடிதக் கட்டுகள் பதினொன்று இருந்தன. ரப்பர் உருகிக் காகிதத்தோடு ஒட்டிப்போயிருந்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஆர்வக்கோளாறில் எல்லாக் கடிதங்களையும் தேதிவாரியாக ஒரே வரிசையில் அடுக்கினேன். சாயங்காலம் பார்க்க மிக அழகாக இருந்தது. ஆறு மாதம் கழித்து ஐயாவின் நோட்டில் ஒரு வரி கண்ணில் பட்டது: "நாகை ஆலைக்காரர் கொடுத்த கட்டு." எந்தக் கட்டு? அந்தக் கட்டுகளில் ஒன்று ஐயாவுக்கு வந்த கடிதங்களே அல்ல. ஒரு தொழிற்சங்கத் தோழருக்கு வந்து, அவர் ஐயாவிடம் ஒப்படைத்தவை. உறையில்லாத கடிதங்களில் "அன்புள்ள தோழருக்கு" என்றுதான் இருக்கிறது. எது யாருடையது என்பதை இனி யாராலும் முழுதாகச் சொல்ல முடியாது.

ஆவணக் காப்பாளர்கள் "மூல ஒழுங்கு" என்று சொல்வது இதைத்தான். வைத்தவர் எந்த வரிசையில் வைத்தாரோ அந்த வரிசையே ஒரு தகவல். நமக்கு அலங்கோலமாகத் தெரிவது அவருக்கு அலமாரியாக இருந்திருக்கும். ஆகவே முதல் வாரத்தில் கையில் எடுக்க வேண்டியது செல்பேசி மட்டும். அறையை நான்கு மூலையிலிருந்தும் படம் எடுங்கள். ஒவ்வொரு அலமாரித் தட்டையும் எடுங்கள். மேசையில் கடைசியாக என்ன திறந்திருந்தது, எந்தப் புத்தகத்துக்குள் எந்தத் தாள் செருகியிருந்தது, எல்லாவற்றையும் எடுங்கள். பிறகு பெட்டிகளுக்கு எண் கொடுங்கள். "பெட்டி 1, பரண், கிழக்கு மூலை" என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே போடுங்கள். எண்ணைப் பெட்டியில் எழுதலாம், தாளில் எழுத வேண்டாம். தாளில் எழுதியே ஆக வேண்டுமென்றால் மென்மையான பென்சிலால், ஓரத்தில். பேனா கூடாது.

பழைய பேப்பர்காரரைக் கூப்பிடத் துடிக்கும் உறவினரிடம் வாதாட வேண்டாம். "ஆறு மாதம் பொறுங்கள், பெட்டிகளை நான் எடுத்து வைத்துக்கொள்கிறேன்" என்றால் போதும். வீட்டில் இடம் அடைவதுதான் அவருக்குப் பிரச்சினை.

இரண்டாம் படி: ஆட்கள் இருக்கும்போதே கேளுங்கள்

தாள் இன்னும் முப்பது ஆண்டுகள் தாங்கும். அதைப் பற்றித் தெரிந்தவர் தாங்க மாட்டார். ஐயாவின் துணைவியார் அவருடைய கட்டுரைகளைப் படியெடுத்துக் கொடுத்தவர். "பச்சை மை என்றால் அது சென்னை ஆவணக்காப்பகத்தில் எடுத்த குறிப்பு, தம்பி. நீல மை ஆட்களிடம் கேட்டது" என்று அவர் போகிற போக்கில் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாற்பது நோட்டுகளின் சாவி அந்த ஒரு வரியில் இருந்தது. ஐயா அதை எங்கும் எழுதி வைக்கவில்லை.

ஒலிப்பதிவை ஓடவிட்டு உட்காருங்கள். சுருக்கெழுத்துகளுக்கு என்ன பொருள்? "கே.", "எம்.", "பெரியவர்" என்று வருபவர்கள் யார்? யாருடைய பொருள் கடனாக வந்தது? கடைசிக் கேள்வியை இரண்டு முறை கேளுங்கள். ஐயாவின் பெட்டியில் ஒரு சங்கத்தின் தீர்மானப் புத்தகம் இருந்தது. அது இரவல் என்பது துணைவியாருக்கு மட்டும் தெரியும். ஆய்வாளர்கள் இரவல் வாங்குவதில் தாராளம், திருப்பிக் கொடுப்பதில் கொஞ்சம் சிக்கனம். இது அவர்களோடு பழகியவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததே.

ஆய்வாளர் உயிரோடு இருக்கிறார் என்றால் உங்களைப் போல அதிர்ஷ்டசாலி இல்லை. நெட்லாவ் 1938-க்குப் பிறகு ஆம்ஸ்டர்டாமிலேயே தங்கி, 1944-ல் இறக்கும்வரை தன் சேகரிப்புக்குத் தானே பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். சேர்த்தவரே போடும் பட்டியலுக்கு ஈடு கிடையாது. வாரம் ஒரு மணி நேரம், ஒரு பெட்டி, ஒரு ஒலிப்பதிவு. எண்பது வயதுக்காரரிடம் இதற்கு மேல் கேட்பது கொடுமை.

மூன்றாம் படி: பூச்சி, ஈரம்

எந்தப் பெட்டியையும் நேராக உங்கள் புத்தக அறைக்குக் கொண்டுபோகாதீர்கள். தனியறையில், தரையிலிருந்து அரையடி உயரத்தில், வெளிச்சுவரை ஒட்டாமல் வையுங்கள். கறையான் மண்கோடு இருக்கிறதா, இராமபாணப் பூச்சி சுரண்டிய ஒழுங்கற்ற தழும்பு இருக்கிறதா, புத்தகப்புழு துளைத்த குண்டூசி முனையளவு ஓட்டைக்குக் கீழே புதிய தூள் விழுகிறதா என்று இரண்டு வாரம் பாருங்கள். தூள் தொடர்ந்து விழுந்தால் உள்ளே உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

உயிருள்ள பூச்சிக்கு மருந்து தெளிக்க வேண்டாம். நல்ல பாலித்தீன் பைக்குள் காற்றை வெளியேற்றி இறுக்கி ஒட்டி, உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரிக்குக் குறைவாக இரண்டு வாரம் வைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். எடுத்த பிறகு பையை உடனே பிரிக்கக் கூடாது. ஒரு முழு நாள் விட்டு, அறை வெப்பத்துக்கு வந்த பின் பிரியுங்கள். இல்லாவிட்டால் தாள்மீது ஈரம் பூக்கும். ஐஸ்கிரீம் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் எங்களுக்குப் பழைய உறைபெட்டியைத் தந்தார். புகைப்படக் கண்ணாடித் தகடுகளையும் ஒலிநாடாக்களையும் மட்டும் இதில் போட வேண்டாம்.

அந்துருண்டை பூச்சியை விரட்டும், முழுதாகக் கொல்லாது. அதன் ஆவி உங்கள் உடம்புக்கும் நல்லதன்று. வேப்பிலையைப் பச்சையாகத் தாள்களுக்கு நடுவில் வைத்தால் ஈரமும் கறையும்தான் மிச்சம். வசம்பைத் துணியில் முடிந்து பெட்டி ஓரத்தில் போடும் பழைய வழக்கத்தில் கெடுதல் இல்லை, ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. வெயிலில் காயப்போடுவது நம் வீடுகளில் எல்லாப் பொருளுக்கும் செய்யும் வைத்தியம். தாளுக்கு அது நஞ்சு. மை வெளுக்கும், பத்திரிகைத்தாள் ஒரே பகலில் பழுத்துவிடும்.

ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சணம் தலைகாட்டத் தொடங்கும். நம் கடற்கரை ஊர்களில் ஆண்டில் பல மாதங்கள் அப்படித்தான். ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஈரமானி ஒன்றை வாங்கி அறையில் தொங்கவிடுங்கள். காற்றோட்டம் இருக்கட்டும், மின்விசிறி ஓடட்டும். பகலில் மட்டும் குளிர்சாதனத்தைப் போட்டு இரவில் அணைப்பது, போடாமலே இருப்பதைவிட மோசம். ஏறி இறங்கும் ஈரம்தான் தாளை அதிகம் கெடுக்கிறது.

வெள்ளம் புகுந்துவிட்டால் 48 மணி நேரக் கணக்கு. அதற்குள் காயவைக்க முடிந்ததை நிழலில், விசிறிக் காற்றில், வெள்ளைத் தாள் விரித்துக் காயவையுங்கள். முடியாததைப் பையில் போட்டு உறைய வைத்துவிடுங்கள். உறைந்த தாள் மாதக்கணக்கில் காத்திருக்கும். 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தளத்துப் புத்தக அலமாரிகளுக்கு நேர்ந்தது நினைவிருப்பவர்கள் பெட்டிகளை முதல் மாடிக்கு ஏற்றிவிடுவார்கள்.

நான்காம் படி: உலோகம் வெளியே, உறை உள்ளே

குண்டூசி, ஸ்டேப்பிள் பின், கிளிப், ரப்பர் பேண்ட் எல்லாம் போக வேண்டும். துருப்பிடித்த பின்னை இழுக்காதீர்கள். தாளைத் திருப்பி, பின்புறக் கால்களை மெல்லிய கத்தி முனையால் நிமிர்த்தி, பிறகு முன்பக்கமாகத் தூக்குங்கள். பின் போட்டிருந்த தாள்கள் ஒன்றாக இருந்தவை என்பது மறக்கக் கூடாத செய்தி. அவற்றை மடித்த ஒரு வெள்ளைத் தாளுக்குள் சேர்த்து வையுங்கள்.

உறைகளுக்கும் அட்டைகளுக்கும் அமிலமற்ற தாள் வேண்டும். பெருநகரங்களில் ஆவணப் பாதுகாப்புப் பொருள் விற்பவர்களிடம் கிடைக்கும். கிடைக்காவிட்டால் பருத்திக் கூழில் செய்த கைத்தாள் ஓரளவு உதவும். சாதாரணப் பழுப்பு உறையைத் தவிர்த்துவிடுங்கள், அதன் அமிலம் உள்ளே இருப்பதற்கு இறங்கும். பத்திரிகை நறுக்குகள் அடுத்த தாளைப் பழுப்பாக்குவதும் இதனால்தான். மரக்கூழில் லிக்னின் இருக்கிறது, ஒளியும் காற்றும் பட்டால் அது அமிலமாகிறது. நறுக்குகளைத் தனி உறையில் போட்டு, நல்ல தாளில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். ஓரத்தில் ஐயாவின் கையெழுத்து இருந்தால் மூலத்தையும் வைத்தே ஆக வேண்டும்.

செய்யக் கூடாத இரண்டு. ஒன்று, செல்லோடேப். ஒட்டிய பத்தாண்டுகளில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். இரண்டு, லேமினேஷன். "பத்திரமாக இருக்கட்டும்" என்று ஒரு நல்ல மனிதர் 1930களின் துண்டறிக்கைகளைக் கடையில் கொடுத்து லேமினேட் செய்து கொண்டுவந்து காட்டினார். அவருக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாள் கிழியாமல் பிரிக்க வழியில்லை.

கையுறை போட வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தாளுக்கு வேண்டாம். கழுவி உலர்த்திய கைதான் நல்லது, கையுறைக்குள் விரல் உணர்வு போய்த் தாள் கிழியும். புகைப்படத்துக்கு வேண்டும். பூஞ்சணம் பிடித்ததைத் தொடும்போது மூக்குக்கு முகக்கவசம் கட்டாயம்.

ஐந்தாம் படி: பட்டியல்

மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு 1911-ல் ஜோ லபாடி என்ற தொழிலாளர் இயக்கக்காரர் தன் சேகரிப்பைக் கொடுத்தார். பத்தாண்டுகளுக்கு மேல் அது ஏறக்குறைய அப்படியே கிடந்தது. 1924-ல் ஆக்னஸ் இங்லிஸ் என்ற பெண்மணி சம்பளம் இல்லாமல் உட்கார்ந்து பிரிக்கத் தொடங்கினார். 1952-ல் இறக்கும்வரை எழுந்திருக்கவில்லை. தனக்குத் தெரிந்த இயக்கத்துக்காரர்களுக்கெல்லாம் கடிதம் எழுதி, இருந்ததைவிடப் பல மடங்கு சேர்த்தார். நூலகவியல் விதிகளை அவர் பின்பற்றவில்லை. ஆனால் யாருக்கு யார் என்ன வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பட்டியல் போடும் ஒருவருக்கு இதைவிடப் பெரிய தகுதி தேவையில்லை என்பது என் எண்ணம்.

ஒவ்வொரு தாளுக்கும் ஒரு வரி என்று தொடங்காதீர்கள், மூன்றாம் வாரத்தில் கைவிட்டுவிடுவீர்கள். முதலில் பெட்டி வாரியாக. பிறகு கோப்பு வாரியாக: என்ன இருக்கிறது, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை, யாரிடமிருந்து வந்தது, எத்தனை தாள், நிலை எப்படி. ஒரு கணினி அட்டவணை போதும். மிக முக்கியமானவற்றுக்கு மட்டும் தாள் வாரியாக இறங்குங்கள். "வந்த வழி" என்றொரு கட்டம் இருக்கட்டும். தெரியாவிட்டால் "தெரியவில்லை" என்று எழுதுங்கள். ஊகத்தை உண்மைபோல எழுதுவது பொய்ச்சாட்சி.

தேதியில்லாத துண்டறிக்கைகளுக்கு ஆண்டு கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. "மே 1, செவ்வாய்" என்று மட்டும் இருந்தால் கிழமையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகலாம். சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிய 1923-ல் மே 1 செவ்வாய்க்கிழமைதான். ஆனால் செவ்வாய்க்கிழமை மே தினம் எத்தனையோ முறை வரும். தமிழ் ஆண்டின் பெயர் இருந்தால் அறுபது ஆண்டுக்கொரு முறை திரும்பும். ருத்ரோத்காரி என்றால் 1923, அல்லது 1983. விலை அணாவில் இருந்தால் தசம நாணயம் வந்த 1957-க்கு முன் என்று கொள்ளலாம். முகவரியில் அஞ்சல் குறியீட்டெண் இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். "சென்னை மாநிலம்" என்றால் 1969-க்கு முன். "திராவிடர் கழகம்" என்ற பெயர் 1944-க்கு முன் கிடையாது. கம்யூனிஸ்ட் கட்சி 1964-ல் பிரிந்ததால் அடைப்புக்குறிக்குள் "மார்க்சிஸ்ட்" வந்தால் அதற்குப் பின்.

எல்லாவற்றையும்விட அழகான தடயம் நம் எழுத்து. னை, லை, றா, ணா போன்றவற்றின் இன்றைய வடிவத்தைத் தமிழ்நாடு அரசு 1978-ல்தான் ஏற்றது. பெரியாரோ 1935 முதலே 'குடிஅரசு' இதழில் சீர்திருத்த வடிவத்தைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். ஆகவே அணா விலை போட்ட ஒரு நோட்டீஸில் இன்றைய "லை" இருந்தால் அது சுயமரியாதை இயக்க அச்சகத்தில் அடித்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். தலைப்பு இல்லாத, அச்சகத்தின் பெயர் கிழிந்துபோன ஒரு தாளை ஐயாவின் மேசைவிளக்கின் கீழ் வைத்து இப்படி அடையாளம் கண்ட இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. பட்டியலில் "ஊகம்" என்றுதான் எழுதினேன். படியெடுக்கும்போது பழைய வடிவத்தைப் பழையதாகவும் எழுத்துப்பிழையைப் பிழையாகவும் விடுங்கள்.

எதைத் தூக்கி எறியலாம்? மின்கட்டண ரசீதுகள், ஒரே அச்சுப் பிரதியின் பத்துப் படிகளில் எட்டு. கட்டுரை வரைவுகளை எறியாதீர்கள். இறுதி வடிவத்தில் அவர் எதை விட்டார் என்பது வரைவில்தான் தெரியும். தபால் உறைகளை எறியாதீர்கள், முத்திரை தேதி சொல்லும், திறந்து ஒட்டிய தடம் தணிக்கையைச் சொல்லும். பஸ் டிக்கெட் எதற்கு என்று நினைத்தேன். ஒரு நேர்காணல் நடந்த நாளை உறுதிப்படுத்த, நோட்டுக்குள் செருகியிருந்த ஒரு டிக்கெட்தான் உதவியது.

ஆறாம் படி: ஒலிநாடா, கணினிக் கோப்பு, நகல்

ஐயாவின் பெட்டியில் தாள்களைவிட அவசரமானவை 63 கேசட்டுகள். அவற்றில் பேசியவர்களில் பலர் இன்று இல்லை. நாடாவின் காந்தப் பூச்சு உதிர்கிறது, ஓடவிடும் கருவி அதைவிட வேகமாக மறைகிறது. கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சிறிய பிளாஸ்டிக் நாக்குகளை முதலில் உடைத்துவிடுங்கள். தவறி "பதிவு" பொத்தானை அழுத்தினாலும் அழியாது. பூஞ்சணம் தெரியும் நாடாவை ஓட்டாதீர்கள், கருவிக்கும் மற்ற நாடாக்களுக்கும் பரவும். நல்ல நிலையில் உள்ளவற்றை 24 பிட் தரத்தில் வேவ் கோப்பாக மாற்றுங்கள். எம்பி3 கேட்பதற்கு, சேமிப்பதற்கு அல்ல.

தாள்களை ஸ்கேன் செய்யக் குறைந்தது 300 டிபிஐ, சிறு எழுத்தும் பென்சில் குறிப்பும் இருந்தால் 400 அல்லது 600. வண்ணத்திலேயே எடுங்கள். பச்சை மையும் நீல மையும் கறுப்பு வெள்ளையில் ஒன்றாகிவிடும், ஐயாவின் துணைவியார் தந்த சாவி பறிபோகும். மூலப்படி தரம் குறையாத டிஃப் (TIFF) வடிவில், படிப்பதற்கு பிடிஎஃப். கோப்பின் பெயரில் பெட்டி எண், கோப்பு எண், தாள் எண் இருக்கட்டும். "புதியது-கடைசி-2" என்று பெயர் வைப்பவர்களை நான் பட்டியல் பக்கமே விடுவதில்லை. மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரில். தாளை ஸ்கேன் செய்துவிட்டோம் என்று மூலத்தை எறிபவர்களும் உண்டு. வன்தட்டு ஐந்தாறு ஆண்டுகளில் போகலாம். நல்ல தாள் நூறாண்டு தாங்கும்.

1990களில் கணினிக்கு மாறிய ஆய்வாளர் என்றால் இன்னொரு சிக்கல். பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களும் தாப், தாம், திஸ்கி போன்ற தரங்களும் தமிழ் எழுத்துகளைக் கணினிக்குள் ஒவ்வொரு விதமாகக் குறித்தன, இதைத்தான் குறியேற்றம் என்கிறார்கள். இன்று திறந்தால் ஆங்கில எழுத்துகளின் கிறுக்கல்போலத் தெரியும், கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடுவார்கள். கெடவில்லை. எந்த எழுத்துருவில் அடித்தது என்று தெரிந்தால் இலவச மாற்றிகளால் யூனிகோடுக்குக் கொண்டுவரலாம். மாற்றிய பின்னும் மூலக் கோப்பையும் அந்த எழுத்துருவையும் சேர்த்தே வையுங்கள். பழைய அச்சுப்படி ஒன்று கிடைத்தால் ஒப்பிட்டுப் பாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும்.

ஏழாம் படி: சட்டமும் வாக்குறுதியும்

கடிதம் பெற்றவருக்குக் காகிதம் சொந்தம், எழுதியவருக்கு எழுத்து சொந்தம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி எழுதியவர் உயிரோடு இருந்தபோது வெளியானவற்றுக்கு அவர் இறந்து அறுபது ஆண்டுகள்வரை உரிமை அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உண்டு. வெளிவராத கடிதங்களுக்கோ அந்த அறுபது ஆண்டுக் கணக்கு, அவை முதலில் வெளியான பிறகுதான் தொடங்கும். ஆகவே ஐயாவின் குடும்பம் அனுமதித்துவிட்டது என்பதால் ஐயாவுக்கு மற்றவர்கள் எழுதிய கடிதங்களை இணையத்தில் ஏற்ற முடியாது. பாதுகாப்பது வேறு, வெளியிடுவது வேறு.

சட்டத்தைவிடக் கடினமானது வாக்குறுதி. ஒரு கேசட்டில் பெரியவர் ஒருவர் பேசிக்கொண்டே வந்து, "இதை நிறுத்துங்க, இது உங்க காதோட இருக்கட்டும்" என்கிறார். ஐயா "சரி" என்கிறார். பதிவு நிற்கவில்லை. அடுத்த பன்னிரண்டு நிமிடங்களில் மூன்று பெயர்கள் வருகின்றன. அவற்றில் ஒருவருடைய குடும்பம் அதே ஊரில் இருக்கிறது. ஐயா வேண்டுமென்றே ஓடவிட்டாரா, பொத்தான் சரியாக விழவில்லையா என்று எனக்குத் தெரியாது. அழித்துவிடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார், வெளியிடலாம் என்று இன்னொருவர் சொன்னார். இரண்டையும் நான் ஏற்கவில்லை. அந்தப் பன்னிரண்டு நிமிடம் மூலத்தில் அப்படியே இருக்கிறது, கேட்கக் கொடுக்கும் படியில் அந்த இடம் மௌனம். முப்பது ஆண்டுகள் மூடி வைக்கும்படி எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

வழக்கு நிலுவையில் உள்ளவர்கள், தலைமறைவுக் காலத்தில் அடைக்கலம் தந்தவர்கள், சாதி மறுப்புத் திருமணங்களின் அந்தரங்கங்கள், கட்சிக்குள் ஒருவர்மேல் ஒருவர் வைத்த குற்றச்சாட்டுகள் ஆகியவற்றைத் தனிக் கோப்பாக்கி, எப்போது திறக்கலாம் என்ற ஆண்டை அதன்மேல் எழுதுங்கள். "என்றென்றைக்கும் மூடியது" என்று எழுதாதீர்கள். தேதியில்லாத பூட்டுக்குப் பின்னால் இருப்பதை அடுத்த தலைமுறை மறந்துவிடும், பிறகு அது குப்பைக்குத்தான்.

எட்டாம் படி: எங்கே கொடுப்பது

வீட்டிலேயே வைத்துக்கொள்வது ஒரு தலைமுறைக்குச் சரி. அதற்குப் பிறகு நிறுவனம் வேண்டும். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தனியொருவராகச் சேர்த்தது அவர் 1992-ல் மறைந்த பிறகு சிதறியிருக்க வேண்டியது. சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, ஊரைவிட்டு, நாட்டைவிட்டுக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே வைத்ததால் 1994-ல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பிறந்தது. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக்காப்பகம் இருக்கிறது. ஈழத்து ஆவணங்களுக்கு 2005 முதல் நூலகம் நிறுவனம் மின்வடிவில் வேலை செய்கிறது. 1981-ல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த பிறகு, ஒரே கட்டடத்தில் ஒரே படியாக வைப்பதன் ஆபத்தை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தாள்களை நகர்த்தாமல் அந்த இடத்திலேயே மின்படியாக்க, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலை ஆவணங்கள் திட்டம் 2004 முதல் நிதி தருகிறது.

கட்சி அலுவலகத்துக்கே கொடுத்துவிடலாமே என்று தோழர்கள் உரிமையோடு கேட்பார்கள். என் கருத்து வேண்டாம் என்பது. கட்சி உடையும்போது அலுவலகம் யாருக்கு என்று சண்டை வரும், பெட்டி யாருக்கு என்று யாரும் கேட்கமாட்டார்கள். மேலும் வரலாற்றாசிரியர் அந்தக் கட்சியைப் பற்றிக் கசப்பாக எழுதிய பக்கங்களும் உள்ளே இருக்கும். ஆம்ஸ்டர்டாம் நிறுவனத்தையே 1940 ஜூலையில் ஜெர்மானியர் மூடி, சேகரிப்பை வாரிக்கொண்டு போனார்கள். போருக்குப் பிறகு பெரும்பகுதி திரும்பியது. எந்த இடமும் முழுப் பாதுகாப்பு இல்லை. அதனால்தான் கொடுப்பதற்கு முன் உங்கள் பட்டியலும் மின்படியும் உங்களிடம் ஒன்று இருக்க வேண்டும்.

கொடுக்கும்போது வாய்ச்சொல் போதாது, எழுத்தில் வாங்குங்கள். நன்கொடையா, பாதுகாப்புக்கு ஒப்படைப்பதா? தொகுதி பிரிக்கப்படாமல் ஐயாவின் பெயரில் இருக்குமா? மூடிய கோப்புகளின் ஆண்டுகளை மதிப்பார்களா? வேண்டாதவற்றை எறிவதற்கு முன் குடும்பத்துக்குத் திருப்பிக் கொடுப்பார்களா? ஓரக்குறிப்பு எழுதிய புத்தகங்களைப் பொது அலமாரிக்கு அனுப்பிவிடுவார்களா? கடைசிக் கேள்வியைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். ஐயாவுடைய நூல்களில் 212-ல் ஓரத்தில் சண்டை போட்டிருக்கிறார். சிலவற்றில் ஆசிரியரை ஒருமையில் திட்டியிருக்கிறார். அவற்றின் பட்டியலைத் தனியாக இணைத்தோம்.

எடுத்துப்போக வண்டி வரும் நாளில் பெட்டி எண்களை வாசலில் நின்று நீங்களே சரிபாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ரசீது வாங்குங்கள். இரவல் பொருள்களை அதற்கு முன்பே பிரித்துவிட வேண்டும். அந்தத் தீர்மானப் புத்தகத்தை ஒரு படி எடுத்துக்கொண்டு, சங்கத்தின் இன்றைய செயலாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். முப்பது வயதிருக்கும். நடுப்பக்கத்தில் வேலைநிறுத்தத் தீர்மானத்தின் கீழ் இருந்த கைநாட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவி, நான்காவதில் நிறுத்தி, "இது எங்க தாத்தாங்க" என்றார். ரசீது புத்தகத்தில் அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த ரசீது இப்போது பெட்டி 3-ல், கோப்பு 7-ல் இருக்கிறது.